பதினோராம் தேதி வகுப்பு

மலையடிவாரத்துக் கல்லூரியில் பொதுக்கல்விப் பாடங்களைக் கவனிக்க ஆசிரியர் குழு ஒன்று இருந்தது. ஒருவர் வகுப்பு எடுக்கும்போது இன்னொருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக் குறிப்பு எழுதித் தர வேண்டும். 1962இல் அந்தக் குறிப்புகளைப் படித்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பு சரித்திர ஆசிரியர் முக்தார் அகமதுவிடம் இருந்தது.

ஆகஸ்ட் மாதக் குறிப்புகளில் அவருடைய வகுப்பைப் பற்றியதும் ஒன்று இருந்தது. பதினோராம் தேதி, காலை பத்து மணி. அந்த நேரத்தில் அவர் போளூரில் மனைவி சுபைதாவை அடக்கம் செய்துகொண்டிருந்தார்.

குறிப்பை எழுதிய ஆசிரியரிடம் போய்ச் சொன்னார்: "வேடியப்பன் சார், அன்னிக்கு நான் வகுப்பே எடுக்கலீங்க."

"இன்னா சார் சொல்றீங்க? முக்கா மணி நேரம் உக்காந்து கேட்டேன். வூட்ல அப்படி ஆனப்பவும் வந்துட்டாரேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆய்டுச்சு."

முக்தார் ஒரு மாணவனின் நோட்டை வாங்கிப் பார்த்தார். பதினோராம் தேதிப் பாடம் இருந்தது. அவர் எப்போதும் சொல்கிற வார்த்தைகள்தான்.

குறிப்பின் கடைசியில், 'குறைகள்' என்ற இடத்தில், வேடியப்பன் எழுதியிருந்தார்: 'ஆசிரியர் மணி அடிக்கும்வரை வலது கையைத் திறக்கவில்லை. போகும்போது ஒரு பிடி மண்ணை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.'

அடக்கத்தின்போது கபர்க் குழியில் ஆளுக்கு மூன்று பிடி மண் போட வேண்டும். இரண்டு போட்டதுதான் அவருக்கு நினைவிருந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த வகுப்பறைக்குப் போனார். மூன்று வாரமாகியும் மேசையை யாரும் துடைத்திருக்கவில்லை. மண் இன்னும் ஈரமாக இருந்தது.