சொந்த சர்வரின் சுத்த சங்கீதம்

"மாசாமாசம் காசு கட்டி ஓட்டை ஆப்புல பாட்டுக் கேக்குறியே மச்சான், உனக்கெல்லாம் காது ஒரு கேடா?"

பாண்டுங்கிலிருந்து வந்திருந்த என் தம்பி டாடாங்கைப் பிடித்துக்கொண்டார் என் கணவர் விரவான். காலையிலிருந்து உட்கார்ந்து, பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் புதிதாக ஏற்றி, வீட்டுக்கென்றே ஒரு பாட்டு சர்வரை எழுப்பியிருந்தார்.

"எதைப் பாடணும்னு அதுவே முடிவு பண்ணும், பாரு" என்று பொத்தானைத் தட்டினார்.

சற்று நேரத்தில் பழைய இந்தோனேசியக் குரோஞ்சோங் பாட்டு ஒன்று மெல்லக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

"நடுவுல டிங் டிங்னு மணி விழுது பாரு. உன் ஆப்புல அது செத்தாலும் கேக்காது. ஞானசூன்யம்!"

"அத்தான், ஸ்கிரீன்ல சத்தம் ம்யூட்ல இருக்கே?"

"வாயை மூடிட்டுக் கேளு."

பாட்டு ஜன்னலைத் தாண்டித் தெருமுனைப் பக்கம் நகர்ந்தது. மணியும் கூடவே போனது.

நான் பாத்திரத்தோடு வாசலுக்கு ஓடினேன். பக்சோ சூப் வண்டிக்காரர் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டியபடி, வண்டியில் தொங்கும் ரேடியோவோடு போய்க்கொண்டிருந்தார்.

"மாங் ஓஜோ, நில்லுங்க! வண்டியை வீட்டுக்குள்ளயே தள்ளிட்டு வாங்க. எங்க வீட்டுக்காரரோட சர்வர் பாதியில கிளம்பிப் போகுது!"