அசையாமல் நின்ற வேட்டைநாய்

மார்கழிப் பனியில், கம்பங்கொல்லைப் புதருக்குள் ஒரு தாய்க்காடையும் குஞ்சுகளும் ஒடுங்கிக் கிடந்தன. மோப்பம் பிடித்து வந்த வேட்டைநாய், முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றது.

குஞ்சுகள் பதறி இறக்கையை விரித்தன. "பறந்தா சுட்டுடுவாங்க, சும்மா இருங்கடா!" என்று அடக்கிய தாய், நாயைப் பார்த்தது.

"ஏண்ணே, கண்டுபிடிச்சாச்சுல்ல? கடிக்க வேண்டியதுதானே?"

"கடிப்பதும் குரைப்பதும் என் வேலையில்லை. இடத்தைக் காட்டி நிற்பேன். மற்றதை எஜமான் வந்து பார்த்துக்கொள்வார்."

"எங்க அவரு?"

"பனியில் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்."

"அப்படியா? நல்லா நில்லுங்க!" என்ற தாய், குஞ்சுகளை வரிசை கட்டி, நாயின் வயிற்றுக்கு அடியிலேயே நடத்திக்கொண்டு போனது.

அடுத்த கொல்லை வரப்பில் ஏறியதும் கடைக்குட்டி திரும்பிக் கத்தியது: "மாமா, கால் வலிக்கலையா?"

"தொந்தரவு செய்யாதே, வேலையில் இருக்கிறேன்!" என்றது நாய்.