குறுக்கே ஓர் அலமாரி

“வீடு முழுக்க ஒரே பார்வையில தெரியணும்னுதான் சுவரையே இடிச்சேன். இப்போ ஹாலுக்கும் கிச்சனுக்கும் குறுக்கே அலமாரியா?” சோபாவில் லேப்டாப்போடு இருந்த வீட்டுக்காரர் எகிறினார்.

“பின்னே? நாள் பூரா உன் பொண்டாட்டி மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே சமைக்க என்னால முடியாதுடா!” என்றாள் அம்மா.

“அத்தை முறைக்கிறதுல எனக்கும் ஹால்ல உட்கார முடியலைங்க” என்றாள் மனைவி.

“என்னவோ பண்ணித் தொலைங்க!” அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆபீஸ் வேலையில் மூழ்கினார்.

வீட்டை அழகுபடுத்த வந்த டிசைனர் பெண்ணுக்குத் தலை சுற்றியது. காலையிலிருந்து சோபாவை மூன்று இடம் மாற்றிப் பார்த்தும் சண்டை ஓயவில்லை. ஆளுயர அலமாரியைக் குறுக்கே நிறுத்தினாள்.

“புத்தகத்தை இடைவெளி இல்லாம அடுக்கும்மா” என்றாள் மாமியார்.

“மேல் தட்டுலயும்!” என்றாள் மருமகள்.

இதிலாவது ஒத்துப்போகிறார்களே என்று நினைத்தபடி அடுக்கி முடித்தாள். மறந்துவிட்ட அளவு டேப்பை எடுக்க அலமாரிக்குப் பின்னால், கிச்சன் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மாமியாரும் மருமகளும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சாக்லேட் கேக்.

“இனிப்பு ஆகாது, எண்ணெய் ஆகாதுன்னு எங்க ரெண்டு பேர் வாயையும் சோபாவுல இருந்தே என் பையன் காவல் காத்தான்மா” என்று கிசுகிசுத்தாள் மாமியார்.

மருமகள் டிசைனரிடம் இன்னொரு ஸ்பூனை நீட்டினாள். “சத்தமில்லாம சாப்பிடுங்க.”

“அங்கே என்ன, இன்னும் சண்டையா?” ஹெட்போனைக் கழற்றிய வீட்டுக்காரரின் குரல் சோபாவிலிருந்து வந்தது.

“எல்லாம் உன் பொண்டாட்டியாலதான்டா!” என்று கத்திக்கொண்டே மருமகளுக்கு அடுத்த வாயை ஊட்டினாள் மாமியார்.