தோளில் ஒட்டிய மருந்து

புற்றுநோய் வலிக்கு மாமனார் ரபேலின் நெஞ்சில் ஒட்டும்படி நர்சு கொடுத்த மருந்துப் பட்டையை, ஷீஜா கவரைப் பிரித்துத் தன் தோளில் ஒட்டிக்கொண்டாள். அவர் நெஞ்சில் வெறும் பிளாஸ்திரியை ஒட்டினாள். பொழியூர் கடப்புறத்து மணலில் எல்லார் முன்னாலும் அவள் தகப்பனை அடித்த மனுஷன், கத்திச் சாகட்டும்.

அவர் கத்தவில்லை. காலையில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

"வலி இல்லியா?" என்றாள் ஷீஜா.

"எனக்கொரு கொறையுமில்ல. ஒனக்காக்கும் மொகம் வெளுத்திருக்கு. நெஞ்சு நோவுதாட்டி?" கிழவர் சிரித்தார்.

ராத்திரி முழுக்க அவளுக்குத்தான் நெஞ்சு எரிந்தது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளுடைய வழவழத்த தோளிலிருந்து உரிந்து வந்த பசையில், ரபேலின் நெஞ்சு மயிர் வெள்ளை வெள்ளையாக வேரோடு அப்பியிருந்தது.