நடுவட்டத்தில் வைத்த பந்து

கோல் விழுந்ததும் கஸ்பார் ஓடினான். எந்தப் பக்கத்து வலை என்றுகூடப் பார்க்கவில்லை. பந்தை எடுத்துவந்து, ஜெர்சியின் ஓரத்தால் சேற்றைத் துடைத்து, மைதானத்தின் நடுவட்டத்தில் வைத்தான். அந்தக் குட்டித் தீவு நாட்டின் பதினேழு வயதுக்குட்பட்டோர் அணிக்கு அவன் கேப்டன். வெளிநாட்டு அணிகளுடன் இதுவரை ஆடித் தோற்ற பத்தொன்பது ஆட்டங்களிலும், கோல் வாங்கிய பிறகு அவன் செய்கிற வேலை இதுதான். மற்றவர்களும் அவரவர் இடத்தில் வந்து நின்றுவிட்டார்கள். யாரும் கத்தவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. நடுவர் மட்டும், நீ இல்லை என்று கையை ஆட்டி எதிரணியைக் காட்டினார்.

"என்னலே சொல்றாரு?"

"கோல் போட்டது நாமளாம். அவங்கதான் ஆரம்பிக்கணுமாம்" என்றான் பக்கத்தில் நின்ற ஜெரோம்.

"நாமளா? இதுவரை ஒண்ணுகூடப் போட்டதில்லியே. யாருலே போட்டா?"

ஜெரோம் தன் வலது காலைக் குனிந்து பார்த்தான். "நாந்தான்னு நெனைக்கேன்."

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருந்தது. எதிரணிக் கேப்டன் தலையைத் தொங்கப்போட்டபடி வந்து பந்தின்முன் நின்றான். அந்த நிற்பு கஸ்பாருக்கு நன்றாகத் தெரியும். தான் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. நடுவர் விசிலை வாயில் வைத்தார். கஸ்பாரின் கை பழக்கத்தில் அந்தப் பையனின் தோளில் விழுந்தது. வாயும் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"விடுலே, இன்னும் நேரம் கெடக்கு."