மங்கலாக விழுந்த பித்தப்பை

"மூச்சைப் பிடிங்கன்னா விட்டுட்டீங்களே சார்! மறுபடியும் மங்கல்!"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து படமெடுக்கும் பெண் தலையை நீட்டினாள். மேஜையில் மல்லாந்து கிடந்த கணக்கு வாத்தியார், "வயசாச்சும்மா. மூச்சு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றார் பாவமாக.

பித்தப்பையைப் படத்தில் தெளிவாகக் காட்டுவது எது, பழைய மாத்திரையா புதிய ஊசியா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி அது. வாத்தியார் மாத்திரைக் கட்சி. படம் மங்கலானால் அடுத்த வாரமும் வர வேண்டும்.

அதற்காகத்தானே மனிதர் மூச்சு விட்டார்! பித்தப்பை எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்க, முதல் படம் முடிந்ததும் கொழுப்பாக எதையாவது சாப்பிடக் கொடுப்பார்கள். வெண்ணெய் மிதக்கப் பொரித்த முட்டை, இரண்டு! வீட்டிலோ, அவர் தொப்பையை மனைவி முறைத்துப் பார்த்த நாளிலிருந்து அடுப்பில் எண்ணெய்ச் சட்டியே ஏறவில்லை. நடைப்பயிற்சி என்று புளுகிவிட்டுத்தான் இங்கே வருகிறார்.

"ஊசி போட்டுக்கறவங்க படமும் இப்படித்தான் சார். ரெண்டுமே உருப்படாத மருந்துன்னு டாக்டர் ஆராய்ச்சியையே மூடப் போறாராம்."

வாத்தியாருக்குப் பகீரென்றது. "ஐயையோ! மாத்திரை மேல தப்பில்லைம்மா. இன்னொரு தடவை எடு, கல்லு மாதிரி கிடக்கறேன். தெளிவா விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"அப்புறம் நீங்க வர வேண்டியதே இல்ல. நிம்மதியா வீட்ல இருக்கலாம்."

வாத்தியார் மனசுக்குள் கணக்குப் போட்டார். எப்படிப் போட்டாலும் விடை அவித்த முட்டைக்கோஸ்.

"சரி, அப்புறம் பார்க்கலாம். முதல்ல இதைச் சாப்பிடுங்க" என்று தட்டை நீட்டினாள் பெண்.

முதல் விள்ளல் வாய்க்குள் போனதும், நடைவழியில் ஒரு குரல் கணீரென்று ஒலித்தது. நாற்பது வருஷமாக அவரை அதட்டிய குரல். குட்டு உடைந்தது! வாத்தியார் தட்டோடு மறைப்புத் துணிக்குப் பின்னால் பாய்ந்தார்.

கதவு திறந்தது. மனைவியேதான்.

"வாங்கம்மா, ஊசி ரெடி" என்றாள் பெண். "இன்னிக்காவது மூச்சைப் பிடிச்சுக்குவீங்களா?"

"அதை அப்புறம் பேசிக்கலாம் கண்ணு, முட்டை வந்தாச்சா சொல்லு. அந்த மனுஷனுக்குத் துணையா நானும் அவிச்சதையே தின்னு நாக்கு செத்துக் கிடக்கு!"