பல் பதித்த புளியங்கொட்டை

பாறைக்கு அடியில் கிழங்கு இருக்கிறது என்று ஒரு பெருச்சாளி சுரங்கம் தோண்ட ஆரம்பித்தது. அதுவரை வயிற்றுப்பாட்டுக்கு வழி வேண்டுமே. பத்து வேர்க்கடலை கொடுத்தவர்களுக்குத் தன் பல் பதித்த புளியங்கொட்டை ஒன்றைக் கொடுத்தது. கொட்டை வைத்திருப்பவருக்குக் கிழங்கில் பங்கு.

நாளாக ஆக முயலுக்கு நம்பிக்கை போய்விட்டது. தன் கொட்டையை மூன்றே கடலைக்கு விற்றது. 'கொள்ளை மலிவு' என்று அணில் அதை வாங்கி, வழக்கம்போல மண்ணில் புதைத்து வைத்தது.

தினமும் காலையில் காக்கை வேலியில் உட்கார்ந்து விலை சொல்லும். "இன்றைக்கு இரண்டு கடலை." அடுத்த வாரம், "ஒன்றுதான். அதுவும் சொத்தை."

வந்தவரை போதும், விற்றுவிடலாம் என்று அணில் கொட்டையை எடுக்க ஓடியது. ஆனால் எங்கே புதைத்தோம்? வேப்பமரத்தடியில் தோண்டியது, வேலியோரம் தோண்டியது. பதினோரு குழி தோண்டியும் கொட்டை கிடைக்கவில்லை. காக்கை விலை சொல்வதையே நிறுத்திவிட்டது.

பிறகு நல்ல மழை. மறுநாள் மூக்கெல்லாம் செம்மண்ணோடு பெருச்சாளி வெளியே வந்து, "கிழங்கு தட்டுப்பட்டுவிட்டது" என்றது. மழையில் மண் கரைந்து, அணிலின் கொட்டையும் வெளியே கிடந்தது.

அணில் கிழங்கு தின்பதைப் பார்த்து முயல் பெருமூச்சு விட்டது. "நாங்கள் எல்லாரும் விற்றுத் தொலைத்தோம். நீ மட்டும் எப்படியப்பா விற்காமல் இருந்தாய்?"

"எல்லாவற்றுக்கும் பொறுமை வேண்டும்" என்றது அணில், காலடியில் இருந்த குழியில் மெல்ல மண்ணைத் தள்ளிக்கொண்டே.